தேர்ச் சக்கரம் எங்கே இவ்வளவு வேகமாகச் சுற்றியது?



ராஜபாளையத்தில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேர்ப் படம் அனுப்பியிருந்தார். சக்கரம் காற்றாடி போலச் சுழல்கிறது. "கம்ப்யூட்டர்ல செஞ்சேன் சார்" என்றார்.

இந்த மங்கலுக்கு ஒரு வரலாறு உண்டு. பிலிம் காலத்தில் ஷட்டர் மெதுவாக மூடினால், ஓடும் பொருள் படத்தில் இழுபட்டுத் தெரியும். ஷட்டர் திறந்திருக்கும்போதே ஜூம் லென்ஸைத் திருகினால், நடுவிலிருந்து கோடுகள் சிதறும். 1990இல் வெளிவந்த போட்டோஷாப், சுழல் மங்கலையும் ஜூம் மங்கலையும் 'ரேடியல் பிளர்' என்ற ஒரே கருவியில் 'ஸ்பின்', 'ஜூம்' என்று கொடுத்தது. சக்கரத்தை மட்டும் சுழற்றிக் காட்ட, 2014இல் 'ஸ்பின் பிளர்' தனியாக வந்தது.

ஆனால் ஒன்று. உருளும் சக்கரம் தரையைத் தொடும் இடம் அந்தக் கணத்தில் நிற்கும். உச்சிதான் வேகமாகப் போகும். ஆகவே நின்ற இடத்திலிருந்து எடுத்த உண்மைப் படத்தில் மேலே மங்கலும் கீழே தெளிவும் இருக்கும். கருவியோ மேலும் கீழும் ஒன்றுபோல மங்கலாக்கும். அதோடு, நம் தேர் எவ்வளவு மெதுவாக நகரும் என்பது வடம் பிடித்தவர்களுக்குத் தெரியும்.

படம் அழகுதான். ஆனால் ஐம்பது வருடம் கழித்து ஒரு பிள்ளை அதைப் பார்த்து, 'அந்தக் காலத்தில் தேர் பறந்தது' என்று எழுதிவிடக் கூடாதே! அடியில் 'கணினியில் மாற்றியது' என்று இரண்டே சொல் போட்டுவிடுங்கள். வரலாற்றுக்கு நாம் செய்யும் உதவி அது.