வளரி கற்ற வரலாறு



போர்த்தொழிற் பயிற்சி ஏட்டால் வளர்ந்ததன்று. கையினின்று கைக்கு வந்ததாகும். அதற்குச் சான்றாக ஒரு வரலாற்றை ஈண்டு எடுத்துரைப்போம்.

வளரி என்பது பிறைபோல் வளைந்த எறிபடை. வயிரமேறிய மரத்தாலும், சிறுபான்மை இரும்பாலும் செய்யப்படுவது. ஒரு முனை கனத்தும், மற்றது இலேசாயும் இருக்கும். இலேசான முனையைப் பற்றித் தோளின்மேற் சுழற்றி வேகமேற்றி வீசுதல் முறை.

1795-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் இளம் ஆங்கிலப் படையதிகாரிக்கு ஈட்டியெறிதலையும் வளரி வீசுதலையும் முதன்முதற் கற்பித்தவர் சிவகங்கைச் சின்ன மருது. தேர்ந்த கை நூறு கெஜத்துள் குறி தப்பாதென்று அம்மாணாக்கரே 1830-இல் வெளியான தம் நூலிற் குறித்தார். 1801-இல் அவரே ஆசானை எதிர்த்த கும்பினிச் சேனையில் நின்றார். ஆசான் தொடை முறிந்து சிறையிற் கிடந்ததை நொந்தும் எழுதினார். அவ்வாண்டு அக்டோபர் 24-ஆம் நாள் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

நிற்க. நம் புதுக்கோட்டைச் சீமையில் வளரி என்னாயிற்று? அதனை எறிய வல்ல நிபுணர் சமஸ்தானத்தில் இலர் என்று திவான் எழுதிய குறிப்பு, 1909-இல் வெளிவந்த தர்ஸ்டன் நூலிற் காணப்படுகின்றது. முயல், காட்டுக்கோழி வேட்டைக்கு மட்டும் அஃது எப்பொழுதேனும் பயன்பட்டதாம். அயலார் ஒருவர் கற்ற வித்தையை நம் பாட்டன்மார் கைந்நழுவ விட்டனர்!

சிலம்பம் இன்றும் ஆசான்மாரிடம் உயிரோடிருக்கின்றது. சிறுவர் சிறுமியர் இருபாலாரையும் களத்திற்கு அனுப்புங்கள். வயது கடந்ததென்று பெரியோரும் பின்வாங்கவேண்டா; வெல்ஷ் கற்றதும் வளர்ந்த பின்னரேயாம். கருவி காட்சிச்சாலையிற் கிடக்கும். கலையோ கையில்தான் வாழும்.