அடுத்தடுத்து கடன்பற்று அட்டைக்கு விண்ணப்பித்தால் பதிவேட்டில் என்ன நடக்கும்?

சிங்கப்பூரில் கடன்பற்று அட்டைக்கு விண்ணப்பிப்பது இப்போது சில நிமிட வேலை. சிங்பாஸ் வழி மைஇன்ஃபோ விவரங்களை அனுப்பினால் சம்பளச் சீட்டுகூடத் தேவைப்படுவதில்லை. புதிய வாடிக்கையாளருக்குப் பயணப் பெட்டி, காதொலிக் கருவி, ரொக்கம் என்று வங்கிகள் பரிசுகளையும் அறிவிக்கின்றன. அதனால் ஒரே மாதத்தில் மூன்று, நான்கு வங்கிகளில் விண்ணப்பிப்போர் இருக்கிறார்கள்.

அட்டை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு தடயத்தை விட்டுச் செல்கிறது. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் வேளையில் அந்தத் தடயம் கேள்விக்குரியதாகலாம்.

விசாரிப்பு என்பது என்ன?

விண்ணப்பம் வந்ததும், விண்ணப்பதாரரின் கடன் அறிக்கையை வங்கி வரவழைத்துப் பார்க்கிறது. 2002ஆம் ஆண்டிலிருந்து செயல்படும் ‘கிரெடிட் பியூரோ சிங்கப்பூர்’ நிறுவனம் (சிபிஎஸ்) அந்த அறிக்கையை வழங்குகிறது. வங்கிகள் தங்கள் வாடிக்கையாளர்களின் கடன் விவரங்களை இந்த நிறுவனத்திடம் பகிர்ந்துகொள்கின்றன. சிங்கப்பூரில் ‘எக்ஸ்பீரியன்’ என்ற மற்றொரு கடன் தகவல் நிறுவனமும் உள்ளது.

புதிய கடன் விண்ணப்பத்திற்காக வங்கி அறிக்கையைப் பார்த்தால் அது ‘விசாரிப்பு’ எனப் பதிவாகும். எந்தத் தேதியில், எந்த வகைக் கடனுக்காக விசாரிக்கப்பட்டது என்பது அதில் தெரியும். மூன்று வங்கிகளில் விண்ணப்பித்தால் மூன்று விசாரிப்புகள். அந்தப் பதிவு ஈராண்டுகளுக்கு அறிக்கையில் இருக்கும்.

அட்டையைப் பின்னர் ரத்து செய்தாலும் விசாரிப்பு அழியாது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் அப்படியே. அதேவேளையில், ஒருவர் தம் சொந்த அறிக்கையை வாங்கிப் பார்ப்பது புதிய கடன் விண்ணப்பம் அல்ல. அதனால் மதிப்பெண்ணுக்குப் பாதிப்பு இல்லை.

மதிப்பெண்ணில் அதன் இடம்

சிபிஎஸ் வழங்கும் கடன் மதிப்பெண் 1,000 முதல் 2,000 வரை இருக்கும். எண் கூடக்கூட, கடனைச் செலுத்தத் தவறும் சாத்தியம் குறைவு என்று பொருள். 1,911 முதல் 2,000 வரை பெற்றவருக்கு ‘ஏஏ’ தரம். 1,723 அல்லது அதற்குக் கீழ் என்றால் ‘எச்எச்’, அதாவது ஆகக் கடைசித் தரம்.

மதிப்பெண் ஆறு அம்சங்களைக் கொண்டு கணிக்கப்படுகிறது: கடனை எவ்வளவு பயன்படுத்துகிறார், அண்மையில் திறந்த கடன் கணக்குகள், தவணை தவறிய வரலாறு, கடன் கணக்குகளின் வயது, பயன்படுத்தக்கூடிய கடன் அளவு, விசாரிப்புகள்.

ஆறில் ஒன்றுதான் விசாரிப்பு. ஒரே ஒரு விண்ணப்பத்தால் நல்ல மதிப்பெண் சரிந்துவிடாது. ஆனால், குறுகிய காலத்தில் பல விசாரிப்புகள் சேர்ந்தால் கதை வேறு. ‘இவருக்குப் பணநெருக்கடியோ, வாங்கும் கடனைக் கட்ட முடியுமோ’ என்று கடன் தருபவர் யோசிக்கத் தொடங்குவார். பரிசுப் பெட்டிக்காக விண்ணப்பித்தாரா, வாடகை கட்ட வழியில்லாமல் விண்ணப்பித்தாரா என்பதைப் பதிவேடு சொல்லாது.

விண்ணப்பங்களுக்கு அனுமதி கிடைத்துவிட்டால் மற்றோர் அம்சமும் சேர்ந்துகொள்ளும். ஒரே மாதத்தில் திறந்த மூன்று புதிய கணக்குகள் ‘அண்மைய கடன்’ என்ற பிரிவில் வரும். விசாரிப்புகள் மட்டும் இருந்து புதிய கணக்கு எதுவும் இல்லை என்றால், மற்ற வங்கிகள் மறுத்திருக்கலாம் என்று அடுத்த வங்கி ஊகிக்கக்கூடும். ஓரிடத்தில் மறுக்கப்பட்டதும் உடனே இன்னோர் இடத்தில் முயல்வது நிலைமையை மோசமாக்குவது இதனால்தான்.

சட்டம் விதிக்கும் வரம்புகள்

வங்கியின் முடிவு மதிப்பெண்ணை மட்டும் பொறுத்ததல்ல. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிமுறைகளும் உள்ளன.

55 வயதுக்குட்பட்ட சிங்கப்பூரரும் நிரந்தரவாசியும் அட்டை பெற, பொதுவாக ஆண்டு வருமானம் குறைந்தது 30,000 வெள்ளியாக இருக்க வேண்டும். ஆண்டு வருமானம் 30,000 வெள்ளிக்கும் 120,000 வெள்ளிக்கும் இடைப்பட்டவருக்கு, ஒரு வங்கி தரக்கூடிய அதிகபட்சக் கடன் வரம்பு நான்கு மாத வருமானம்.

மாதம் 4,000 வெள்ளி சம்பாதிப்பவரை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வங்கி அவருக்கு 16,000 வெள்ளி வரை வரம்பு தரலாம். மூன்று வங்கிகளின் அட்டைகள் இருந்தால் கையில் இருக்கும் மொத்த வரம்பு 48,000 வெள்ளி வரை போகலாம். அது ஓராண்டுச் சம்பளம். அதே வங்கியில் இரண்டாவது அட்டை எடுத்தால், பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே வரம்புதான்.

2019 ஜூன் முதல் இன்னொரு கட்டுப்பாடும் நடப்பில் உள்ளது. எல்லா வங்கிகளிலும் சேர்த்து, பிணையில்லாக் கடனில் வட்டி ஏறும் நிலுவை தொடர்ந்து மூன்று மாதங்களுக்கு 12 மாத வருமானத்தைத் தாண்டினால், புதிய பிணையில்லாக் கடன் கிடைக்காது. அட்டைக் கட்டணம் 60 நாள்கள் அல்லது அதற்குமேல் தாமதமானாலும் புதிய அட்டையோ வரம்பு உயர்வோ கிடைக்காது.

வீடு வாங்கத் திட்டமிடுவோர் கவனத்திற்கு

அட்டை விண்ணப்பங்களின் விளைவு ஆக அதிகமாகத் தெரிவது வீட்டுக் கடனில்தான். திருமணமும் புது வீடும் ஒன்றாக வரும் காலத்தில், அறைகலன், விருந்து, நகைச் செலவுக்குச் சலுகை தேடிப் புதிய அட்டைகள் எடுப்பது வழக்கம். அதே காலகட்டத்தில்தான் வங்கியும் அவர்களது அறிக்கையைப் புரட்டிப் பார்க்கிறது.

மொத்தக் கடன் கட்டண விகிதம் 2021 டிசம்பர் முதல் 55 விழுக்காடு. அதாவது வீட்டுக் கடன், கார் கடன், அட்டை நிலுவை என எல்லாவற்றுக்கும் மாதாமாதம் கட்டும் தொகை மாத வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அட்டையில் நிலுவை வைத்தால், அந்த அளவுக்கு வீட்டுக் கடனுக்கான இடம் சுருங்கும்.

எனவே வீட்டுக் கடனுக்குச் சில மாதங்கள் முன்பிருந்தே புதிய அட்டை விண்ணப்பங்களைத் தவிர்ப்பது நல்லது. கணவன், மனைவி சேர்ந்து கடன் வாங்கும்போது இருவரது அறிக்கைகளும் பார்க்கப்படும் என்பதால் இருவருமே கவனமாக இருக்க வேண்டும்.

இணைய ஆலோசனை எல்லாம் பொருந்தாது

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பல அமெரிக்காவைச் சார்ந்தவை. அங்கு மதிப்பெண் 300 முதல் 850 வரை. ‘ஒரு விசாரிப்புக்கு இத்தனை புள்ளி குறையும்’ என்ற கணக்குகள் அந்த அளவுகோலுக்கு உரியவை. 1,000 முதல் 2,000 வரை உள்ள சிங்கப்பூர் மதிப்பெண்ணுக்கு அவற்றை அப்படியே பொருத்த முடியாது.

இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அங்குள்ள சிபில் மதிப்பெண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இங்குள்ள அறிக்கையில் வராது. இங்கே கடன் வரலாறு முதலிலிருந்து தொடங்குகிறது. வரலாறே இல்லாத பதிவேட்டில் நான்கு விசாரிப்புகள் மட்டும் இருப்பது நல்ல தொடக்கமாக இருக்காது.

என்ன செய்யலாம்?

• விண்ணப்பிக்கும்முன் வருமானத் தகுதியைச் சரிபார்க்கலாம். தகுதி இல்லாத அட்டைக்கு விண்ணப்பித்தால் மிஞ்சுவது விசாரிப்பு மட்டுமே.

• பரிசுச் சலுகையின் நிபந்தனைகளை முழுமையாகப் படிக்கலாம். கடந்த 12 மாதங்களில் அந்த வங்கியின் முதன்மை அட்டையை வைத்திருந்தவருக்குப் பெரும்பாலும் பரிசு கிடையாது.

• ஓர் அட்டைக்கும் அடுத்த அட்டைக்கும் இடையே சில மாதங்கள் விடலாம்.

• விண்ணப்பம் ஏற்கப்பட்டாலோ மறுக்கப்பட்டாலோ, வங்கியின் கடிதத் தேதியிலிருந்து 30 நாள்களுக்குள் சிபிஎஸ் அறிக்கையை இலவசமாகப் பெறலாம். மறுக்கப்பட்டவர் அடுத்த விண்ணப்பத்திற்கு முன் அதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

• விண்ணப்பிக்காத கடனுக்கு விசாரிப்பு இருந்தால் சிபிஎஸ் நிறுவனத்திடமும் தொடர்புடைய வங்கியிடமும் உடனே தெரிவிக்க வேண்டும். வேறு யாரோ அவரது விவரங்களைப் பயன்படுத்தியிருக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, வந்த கட்டணத்தைக் காலத்தோடு முழுமையாகக் கட்டுவது. ஒவ்வொரு கணக்கும் 12 மாதங்களில் எப்படிச் செலுத்தப்பட்டது என்பதை அறிக்கை மாதவாரியாகக் காட்டுகிறது. தவணை தவறிய மாதங்கள் அதில் வங்கியின் கண்ணில் உடனே படும். அட்டை நிலுவைக்கு ஆண்டு வட்டி 25 விழுக்காட்டையும் தாண்டுவதால், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருபவருக்குப் பரிசாகக் கிடைத்த பெட்டியின் மதிப்பு சில மாதங்களிலேயே வட்டியில் கரைந்துவிடும்.

ஏற்கெனவே பல அட்டைகளில் நிலுவை சேர்ந்து திணறுவோர், அதை அடைக்க இன்னோர் அட்டை தேடுவதற்குப் பதிலாக ‘கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர்’ அறநிறுவனத்தின் ஆலோசனையை நாடலாம். வங்கிகளுடன் பேசித் திருப்பிச் செலுத்தும் திட்டம் வகுக்க அது உதவுகிறது.