டயல்அவுட்: ஒரு குழுப்பெயரின் வரலாறு

பொருள் மறைந்த பின்னும் சொல் எஞ்சி நிற்பதை மொழியியல் பயின்றோர் நன்கறிவர். கணினித் துறையில் அதற்கு ஒரு சான்று 'டயல்அவுட்'. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வழங்கல்களில் ஆர்டுயினோ பலகையை இணைக்கும் மாணவர் பலர் முதலில் காண்பது 'அனுமதி மறுக்கப்பட்டது' என்னும் செய்தியை. டயல்அவுட் குழுவில் சேர்ந்தால் தடை நீங்கும். தொலைபேசி எண்ணைச் சுழற்றி வெளியே அழைப்பது என்பதே அச்சொல்லின் பொருள். பலகைக்கும் தொலைபேசிக்கும் என்ன உறவு?

விடையைத் தேடினால் 1969ஆம் ஆண்டுக்குச் செல்ல நேரும். எம்ஐடி, ஜெனரல் எலெக்ட்ரிக் ஆகியவற்றோடு சேர்ந்து உருவாக்கிவந்த மல்டிக்ஸ் திட்டத்திலிருந்து பெல் ஆய்வகம் அவ்வாண்டு விலகியது. மல்டிக்ஸில் அணுகுரிமைப் பட்டியல் உண்டு. யாருக்கு என்ன உரிமை என்று பெயர் பெயராக எழுதிவைக்கலாம். கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் அதன்பின் உருவாக்கிய யூனிக்ஸ், அப்பட்டியலைக் கைவிட்டுச் சில பிட்டுகளோடு நிறுத்திக்கொண்டது. முனையம், நாடா, வட்டு முதலிய கருவிகளையும் 'டெவ்' என்னும் அடைவுக்குள் கோப்புகளாகவே வைத்தது. எனவே கோப்பைக் காக்கும் விதியே கருவியையும் காத்தது.

அந்த விதியில் குழு என்பது தொடக்கத்தில் இல்லை. யூனிக்ஸ் பற்றி இருவரும் எழுதிய கட்டுரையின் இரு வடிவங்களைச் சுவடிப் பதிப்பாசிரியர் பாடபேதம் பார்ப்பதுபோல் ஒப்பிட்டால் இது தெளிவாகும். 1974இல் கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம் இதழில் வெளிவந்த வடிவம் 7 காப்பு பிட்டுகளைக் குறிப்பிடுகிறது. அவற்றுள் 6 பிட்டுகள் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூன்று உரிமைகளை உரிமையாளருக்கும் ஏனையோருக்கும் தனித்தனியே வரையறுக்கின்றன. 1978இல் பெல் சிஸ்டம் டெக்னிக்கல் ஜர்னலில் வெளிவந்த வடிவத்திலோ 10 பிட்டுகள். கூடுதலான மூன்றும் உரிமையாளர் சார்ந்த குழுவுக்கு உரியவை. 'நான்', 'பிறர்' என்னும் இரண்டுக்கும் நடுவே 'நாங்கள்' வந்து சேர்ந்தது. அது 'நாம்' அன்று. கேட்பவரை வெளியே நிறுத்தும் 'நாங்கள்'.

1983இல் வெளியான 4.2 பிஎஸ்டி, ஒரே பயனர் ஒரே நேரத்தில் பல குழுக்களில் இருக்க வழிசெய்தது. சேர்ந்து பணிபுரியும் மனிதரைக் குறித்த 'குழு', ஒரு கருவியைத் தொடும் தகுதியைக் குறிக்கவும் இது இடமளித்தது. 1991இல் லினக்ஸும் 1993இல் டெபியனும் தோன்றின. டெபியனில் ஆடியோ, வீடியோ, சிடிராம், டயல்அவுட் எனக் கருவிக்கொரு குழு அமைந்தது. அன்று சீரியல் போர்ட்டில் இருந்தது மோடம். அதன்வழி செல்லும் ஒவ்வோர் அழைப்புக்கும் கட்டணம் உண்டு. யார் அழைக்கலாம் என்பது நிர்வாகி முடிவுசெய்ய வேண்டிய கேள்வி. மோடம் மறைந்தது, ஆனால் ஆர்டுயினோவும் கெர்னலின் பார்வையில் ஒரு சீரியல் போர்ட்டே என்பதால் பழைய பெயரும் பழைய பூட்டும் அதற்கு உரியவாயின. ஆர்ச் லினக்ஸில் இதே குழுவின் பெயர் யூயூசிபி. அது 1970களில் பெல் ஆய்வகத்தில் தொலைபேசி இணைப்புவழிக் கோப்புகளை நகலெடுக்க எழுதப்பட்ட நிரலின் பெயர்.

குழுமுறையின் குறை ஒலிவாங்கியில் வெளிப்படுகிறது. ஆடியோ குழுவில் உள்ளவர் அவ்வறையில் இல்லாமலேயே எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து ஒலிவாங்கியைத் திறக்க வாய்ப்புண்டு. களப்பணிப் பதிவுகளைக் கையாளும் மொழியியல் துறைக்கு இது சிறிய செய்தியன்று. பேச்சாளர் இசைவளித்தது எதிரே அமர்ந்திருக்கும் ஆய்வாளருக்கு மட்டுமே. அக்கணினியில் கணக்கு வைத்திருக்கும் அனைவருக்கும் அன்று.

2003இல் வந்த யூடெவ், கருவி இணையும்போதே அதன் உரிமையாளர், குழு, அனுமதி ஆகியவற்றை விதிப்படி அமைத்தது. பின்னர் வந்த சிஸ்டம்டி-லாகின்டி, கணினிமுன் அமர்ந்து பணிபுரிபவருக்கு மட்டும் ஒலிக்கருவி போன்றவற்றின் அணுகுரிமைப் பட்டியலில் இடமளித்து, வேறொருவர் அமர்வுக்கு மாறியதும் அதைத் திரும்பப் பெறுகிறது. யூனிக்ஸ் கைவிட்ட பட்டியல் இவ்வாறு மீண்டு வந்தது. 'எக்குழுவைச் சேர்ந்தவர்?' என்ற கேள்வியோடு 'இப்போது எங்கே அமர்ந்திருக்கிறார்?' என்பதும் சேர்ந்துகொண்டது. ஆயினும் ஆடியோ குழுவில் ஒருவரைச் சேர்த்துவிட்டால் இந்த ஏற்பாட்டுக்குப் பயனில்லை. அவர் எங்கிருந்தாலும் உரிமை அவரிடமே இருக்கும்.

பொதுக் கணினிகளைப் பயன்படுத்தும் ஆய்வு மாணவர்களுக்கு இவ்வரலாறு நடைமுறையிலும் உதவும். தடை வந்ததும் சிமாட் 666 கட்டளையால் கருவிக்கோப்பை எல்லோருக்கும் திறந்துவிடுவது, 'நாங்கள்' என்னும் வகையையே அழித்துவிடுகிறது. பலகையைக் கழற்றி மாட்டினால் அந்த மாற்றமும் நிலைப்பதில்லை. யூசர்மாட் கட்டளையால் குழுவில் சேர்ப்பதே முறை. அதில் பெரிய 'ஜி'யுடன் சிறிய 'ஏ'யைச் சேர்க்காவிட்டால், பயனர் ஏற்கெனவே இருந்த பிற துணைக்குழுக்களிலிருந்து நீக்கப்படுவார். குழுப்பட்டியல் உள்நுழையும்போதே அமர்வுக்கு வழங்கப்படுவதால், வெளியேறி மீண்டும் நுழைந்த பிறகே சேர்க்கை பயன்தரும். டிஸ்க் குழுவில் மட்டும் எவரையும் எளிதாகச் சேர்த்துவிடக் கூடாது. வட்டை நேரடியாகப் படிக்கவும் எழுதவும் வல்லவருக்குக் கோப்பு அனுமதிகள் ஒரு தடையே அல்ல.

உங்கள் ஆய்வகக் கணினியில் 'குரூப்ஸ்' என்று தட்டச்சு செய்தால் உங்கள் குழுக்கள் ஒரே வரியில் வரும். அதிலுள்ள ஒவ்வொரு பெயரும் யாரோ ஒருவர் என்றோ எடுத்த முடிவு. அது இன்றும் பொருந்துகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.