ஃபெஸ் நகரின் நீல வாயில்: ஒரு காட்சியின் வரலாறு

மொராக்கோவின் ஃபெஸ் நகருக்குச் செல்லும் பயணிகளில் பலர் முதலில் படமெடுக்கும் இடம் பாப் பூ ஜெலூத் வாயில். வெளிப்புறம் நீலமும் உட்புறம் பச்சையுமாக ஓடு பதித்த வளைவுகள். அவற்றுக்கு அப்பால், 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மரினித் அரசர் அபூ இனான் கட்டிய மதரசாவின் மினாரா. இடைக்கால ஃபெஸின் முகமாக உலகம் அறிந்திருப்பது இக்காட்சியைத்தான். ஆயினும் இவ்வாயில் கட்டப்பட்டது 1913இல். மினாராவுக்கும் அதற்கும் இடையே ஐந்தரை நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது.

1912 மார்ச் 30 அன்று ஃபெஸில் கையெழுத்தான உடன்படிக்கையால் மொராக்கோ பிரெஞ்சுப் பாதுகாப்பு நாடாயிற்று. அடுத்த மாதமே நகரில் கிளர்ச்சி வெடித்தது. நிர்வாகத் தலைநகர் ரபாத்துக்கு மாறியது. இந்தச் சூழலில் எழுந்ததே நீல வாயில். பழைய வாயில் இன்றும் அதன் அருகிலேயே உள்ளது. சிறியது, எளியது, கேமராக்கள் அதன் பக்கம் அதிகம் திரும்புவதில்லை.

முதல் பிரெஞ்சு ஆளுநரான லியோத்தே, பழைய நகரங்களை இடிக்காமல், ஐரோப்பியருக்குத் தனி நகரங்களை அமைக்கும் கொள்கையைக் கொண்டிருந்தார். 1914இல் வந்த நகரமைப்பாளர் ஆன்றி புரோஸ்ட் அதற்கு வடிவம் கொடுத்தார். பழைய நகரின் தோற்றம் மாறாதிருக்கக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. இதில் கலையார்வம் இருந்தது. மரபு அதிகாரங்களைத் தக்கவைத்து அவற்றின் வழியே ஆளும் அரசியலும் இருந்தது. அகன்ற சாலைகளும் நவீன வசதிகளும் முதன்மையாகப் புதிய நகரங்களுக்கே சென்றன. ரபாத்தை ஆராய்ந்த ஜேனட் அபு-லுகோத், 1980இல் வெளியான தம் நூலில் இந்த ஏற்பாட்டை நகர்ப்புற இனஒதுக்கல் என்றே பெயரிட்டார்.

சொற்களிலும் இப்பிரிவினை பதிந்துள்ளது. அரபியில் ‘மதீனா’ என்றால் நகரம், அவ்வளவே. பிரெஞ்சு வழக்கில் அது ‘பழைய பகுதி’ என்று சுருங்கியது. முழுமையைக் குறித்த சொல் ஒரு பகுதியின் பெயராயிற்று. ஃபெஸில் ‘புதியது’ என்ற சொல்லுக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1276இல் மரினித்துகள் நிறுவிய அரச நகரின் பெயரே ‘ஃபெஸ் அல்-ஜதீத்’, அதாவது புதிய ஃபெஸ். பிரெஞ்சுக்காரர்களின் ‘புதிய நகரம்’ எழுந்தபின், அந்தப் பழம்புதுமையும் பழைய நகரின் கணக்கில் சேர்ந்துவிட்டது.

1956இல் நாடு விடுதலை பெற்றபின், வசதி படைத்த குடும்பங்கள் பல புதிய நகருக்கும் காசாபிளாங்காவுக்கும் பெயர்ந்தன. கிராமங்களிலிருந்து வந்தோர் அவர்களின் பெரிய வீடுகளைப் பகிர்ந்து குடியேறினர். 1981இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. கார் நுழையாத சந்தும் சுமை ஏற்றிய கோவேறு கழுதையும் பயணிக்கு அழகான படம். நோயாளியை வெளியே கொண்டுசெல்லவும் இடிந்த சுவருக்குச் செங்கல் கொண்டுவரவும் வேண்டியவர்களுக்கோ அதே சந்து அன்றாடச் சிக்கல். சுவாரா தோல் பதனிடும் களத்திலும் இதே நிலைதான். பயணி தோல்கடையின் மாடியில் புதினாத் தழையை மூக்கருகே பிடித்தபடி படமெடுக்கிறார். கீழே தொழிலாளர்கள் சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த தொட்டிகளுக்குள் இறங்கி நின்று வேலை செய்கிறார்கள்.

இதனால் நீல வாயில் போலியென்று ஆகிவிடாது. நூறாண்டைக் கடந்த அதுவும் இன்று ஒரு வரலாற்று ஆவணமே. ஆனால் அதை 14ஆம் நூற்றாண்டின் ஆவணமாக வாசித்தால், 1912க்குப் பின் அந்நகரில் நடந்தவை அனைத்தும் பார்வையிலிருந்து நழுவிவிடும். வாயிலைப் படமெடுப்போர் சற்றுப் பின்வாங்கி, அருகிலுள்ள பழைய வாயிலையும் அதே படத்துக்குள் கொண்டுவருவது நல்லது.