மகரக்கட்டு முதல் கோலி சோடா வரை: தமிழ்த் திரையில் விடலைப் பருவமும் புதுக்கோட்டையும்

தமிழ்த் திரையில் குழந்தைகள் உண்டு, காதலர்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 12 முதல் 17 வயது வரையிலான ஆண்டுகள் பெரும்பாலும் காதலுக்கு முன்னுரையாகவே வந்து போகின்றன. தகப்பனோடு முட்டிக்கொள்வது, உடம்பைப் பற்றிய கூச்சம், வீட்டின் பணக்கஷ்டம் புரியத் தொடங்குவது ஆகியவற்றுக்கு ஓரிரு காட்சிகள் கிடைத்தால் பெரிது. இந்த வழக்கம் எப்படி வந்தது, எங்கே உடைந்தது என்பதைப் புதுக்கோட்டையில் நின்று பார்க்கலாம். தமிழ்த் திரையின் முதல் தலைமுறை நாயகர்களில் ஒருவர் வந்ததும், வழக்கத்தை உடைத்த ஒரு படம் வந்ததும் இந்த மண்ணிலிருந்துதான்.

பி.யு.சின்னப்பா 1916-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். சிறு வயதிலேயே சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக சபையில் சேர்ந்து, பிறகு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனார். எம்.ஜி.ஆரும் அங்கே இருந்த பையன்களில் ஒருவர். மீசை முளைக்காத பிள்ளைகள் ராஜாவாகவும் ராணியாகவும் முனிவராகவும் விடிய விடிய மேடையில் நின்றார்கள். தங்கள் வயதுப் பையனாக நடிக்க மட்டும் வேடம் அரிது. குரல் உடையும் பருவத்தை நாடகக்காரர்கள் மகரக்கட்டு என்றார்கள். அது வந்துவிட்டால் பாட்டு நின்றது, ஸ்திரீபார்ட் எனப்பட்ட பெண் வேடம் கைநழுவியது, பலருக்குக் கம்பெனியிலேயே இடமில்லாமல் போனது. வளர்வது அங்கே தொழிலுக்கு வந்த கேடு. சின்னப்பா 1936-இல் ‘சந்திரகாந்தா’ வழியாகத் திரைக்கு வந்தார். அவரைப் போலப் பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள் பலர் தொடக்ககாலப் பேசும்படங்களை நிரப்பினார்கள். பாட்டையும் வசனத்தையும் மேடையிலிருந்து வாங்கிக்கொண்ட சினிமா, விடலைப் பருவத்துக்கு அங்கே இடமில்லாமல் இருந்ததையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது என்பது என் கணிப்பு.

அந்த வயது தலைப்பிலேயே ஏறியது 1977-இல், பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ படத்தில். பள்ளிப்படிப்பை முடித்த மயில் டீச்சராக ஆசைப்படுகிறாள். படம் அந்த ஆசையோடுதான் தொடங்குகிறது. சீக்கிரமே அதை விட்டுவிட்டு, அவளைச் சுற்றி நிற்கும் ஆண்களின் கதையாகிவிடுகிறது. 1981-இல் ‘பன்னீர் புஷ்பங்கள்’, ‘அலைகள் ஓய்வதில்லை’ ஆகிய இரண்டும் வந்து மீசை அரும்பும் வயதுக் காதலை ஒரு வகைமையாகவே நிலைநிறுத்தின. முன்னதில் களம் ஊட்டிப் பள்ளி. பின்னதில் கடலோரக் கிராமம். பாடல்களை நம்பி ஓடிய சந்தை இதற்கு ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் பள்ளிக்கூடம்தான். முறைப்பெண் அல்லாத ஒருத்தியை ஒரு பையன் தினமும் பார்க்கக்கூடிய இடமாக அது புதிதாக உருவாகியிருந்தது. சாதியையும் மதத்தையும் கட்டிக்காத்த ஊர்களுக்கு அந்தப் பார்வை எவ்வளவு பெரிய அச்சமாக இருந்தது என்பதை ‘அலைகள் ஓய்வதில்லை’ முடிவில் மதத்தையே துறந்து நடக்கும் இருவரிடம் காணலாம். அதனால் இந்தக் காதல் படங்களை வெறும் கிளர்ச்சி என்று தள்ளுவது நியாயமல்ல.

அடுத்த இருபதாண்டுகள் இதே அச்சில் சுழன்றன. 2002-இல் ‘துள்ளுவதோ இளமை’ பள்ளி மாணவர்களின் வீட்டுக் கசப்பைத் தொட்டது; ஆனால் பேசப்பட்டதெல்லாம் அதன் துணிச்சல் காட்சிகளே. 2004-இல் ‘காதல்’, பள்ளி மாணவிக்கும் மெக்கானிக்குக்குமான உறவைச் சாதி எப்படி நொறுக்கியது என்று காட்டியது. ‘அழகி’, ‘ஆட்டோகிராப்’, பின்னாளில் ‘96’ ஆகியவை பள்ளி வயதை நடுவயதுக்காரரின் ஏக்கமாக்கின. அந்தப் படங்களில் விடலைப் பருவத்தைப் பார்க்கும் கண் பெரியவருடையது. சின்னத்திரையில் 2006-இல் விஜய் டிவியின் ‘கனா காணும் காலங்கள்’ வந்தது. தினமும் ஓட வேண்டியிருந்ததாலேயே நட்பு, தேர்வு, பொறாமை, ஆசிரியரின் கோபம் எல்லாவற்றுக்கும் அதில் நேரம் இருந்தது. சினிமா கொடுக்காத அவகாசத்தைத் தொடர் கொடுத்தது.

2009 மே மாதம் ‘பசங்க’ வெளியானது. இயக்குநர் பாண்டிராஜ் திருமயம் பக்கத்து விராச்சிலைக்காரர். கதையும் அந்தப் பக்கத்து மண்ணிலேயே நடக்கிறது. தயாரிப்பு எம்.சசிகுமார். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வரும் அன்புக்கரசு, தன் பெயருக்குப் பின்னால் ‘ஐ.ஏ.எஸ்.’ போட்டுக்கொள்பவன். வகுப்பாசிரியர் சொக்கலிங்கத்தின் மகன் ஜீவாவுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. இவ்வளவுதான் கதை. ஆனால் பாண்டிராஜ் செய்த ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும். படத்தில் காதல் இருக்கிறது. அதை அன்புவின் சித்தப்பாவுக்கும் ஜீவாவின் அக்காவுக்கும் கொடுத்துவிட்டார். அப்படி ஒதுக்கியதால் பையன்களின் பகை, வீம்பு, அவமானம் ஆகியவற்றுக்குக் கதையின் நடு இடம் கிடைத்தது. அன்புவின் அப்பாவும் அம்மாவும் போடும் சண்டை அவன் முகத்தில் இறங்குவதைப் படம் பொறுமையாகப் பின்தொடர்கிறது. அந்த வீட்டுச் சண்டையைப் பேசித் தீர்க்க முன்வருபவர், எதிரிப் பையனின் தகப்பனான வாத்தியார். பையன்களின் பகையைக் கண்டிப்பதோடு நிற்காமல் அதன் வேரை வீட்டுக்குள் தேடும் இந்தப் பெரியவர், தமிழ்த் திரையில் அபூர்வம்.

படம் 57-ஆவது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமானது. வசனத்துக்காகப் பாண்டிராஜும், சிறந்த குழந்தை நட்சத்திரங்களாக அன்புவாக நடித்த கிஷோரும் ஜீவாவாக நடித்த ஸ்ரீராமும் விருது பெற்றார்கள்.

2014-இல் ‘பசங்க’வில் நடித்த பையன்கள் நால்வர் விஜய் மில்டனின் ‘கோலி சோடா’வில் வந்தார்கள், வசனம் மறுபடியும் பாண்டிராஜ். இப்போது அவர்களுக்கு வீடு இல்லை, பள்ளி இல்லை. கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார்கள். ஆச்சி ஒருத்தி துணைநிற்க, ஒரு மெஸ் வைக்கிறார்கள். அதைப் பிடுங்கிக்கொள்ளும் பெரிய மனிதரை எதிர்த்து நிற்கிறார்கள். அவர்கள் கேட்பது ஓர் அடையாளம், அவ்வளவே. பிரான்ஸில் இயக்குநர் த்ரூஃபோ தன் ‘நானூறு அடிகள்’ (1959) படத்துச் சிறுவனையே இருபதாண்டுகள் தொடர்ந்து படமெடுத்தார். இங்கே பாத்திரங்கள் வேறு. ஆனாலும் அதே முகங்கள், ஐந்து ஆண்டு வளர்ந்தவை, வகுப்பறையிலிருந்து கூலி வேலைக்கு மாறி நிற்பதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. உழைக்கும் விடலைப் பையனைத் தமிழ் சினிமா இவ்வளவு மரியாதையோடு நடத்தியது குறைவு.

இரண்டு படங்களிலும் பெண்பிள்ளைகள் ஓரமாகவே நிற்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. புதுக்கோட்டையின் வரலாறோ வேறு மாதிரி. 1886-இல் இங்கே பிறந்த முத்துலட்சுமி, பூப்பெய்தும் வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, வீட்டிலேயே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். புதுக்கோட்டை மன்னரின் அனுமதியோடு, ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரிக்குள் நுழைந்தார். 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று நாடறிந்தவர் இவர்தான். 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, எழுத்தறிவு தர வந்த அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்துப் பெண்களைப் பெருந்திரளாகச் சைக்கிள் ஏற்றியது. குவாரியில் கல் உடைத்த பெண்களும் வயசுப் பிள்ளைகளும் ஒன்றாகக் கற்றார்கள். பள்ளிப் பெண்ணைப் பற்றிய நம் படங்களுக்கு மாதிரியாக அமைந்தது இந்தக் கதைகளல்ல, மயிலின் கதை. சைக்கிளும் திரைக்கு வந்தது. பெரும்பாலும், முன்னால் போகிற பெண்ணை இன்னொரு சைக்கிளில் பையன் பின்தொடரும் பாட்டுக் காட்சியாக. ‘பசங்க’ காதலைப் பெரியவர்களிடம் தள்ளிவிட்டுப் பையன்களுக்குக் கொடுத்த நடு இடத்தை, ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு அதே முழுமையோடு கொடுக்கும் வேலையைப் புதுக்கோட்டைக் கதைகளிலிருந்தே தொடங்கலாம்.