கூரையைப் பிச்சுக்கிட்டு விழுந்த 1995

இன்னைக்கு ஒரு தியேட்டர் சிரிப்புலேருந்து ஆரம்பிக்கிறேன்.

2019 மார்ச். சென்னையில ஒரு மல்டிபிளெக்ஸ்ல 'கேப்டன் மார்வெல்' பார்த்துக்கிட்டு இருக்கேன். கதாநாயகி வானத்துலேருந்து விழுந்து, ஒரு கடையோட கூரையைப் பிச்சுக்கிட்டு உள்ளே இறங்குறாங்க. அது பிளாக்பஸ்டர், அமெரிக்காவுல வீடியோ கேசட் வாடகைக்கு விட்ட கடை. அந்த ஒரு ஷாட்லயே, இது 1995னு நமக்குப் புரிஞ்சிடுது. அப்புறம் பேஜர், காசு போட்டுப் பேசுற போன், ஆல்டாவிஸ்டா தேடல் பக்கம்னு வரிசையா வருது. ஒரு சிடி லோடு ஆகுறதுக்காக வேற்றுக்கிரகவாசி உட்பட எல்லாரும் கம்ப்யூட்டரையே பார்த்துக்கிட்டு காத்திருக்கிற காட்சியில தியேட்டரே சிரிச்சது. நானும் சிரிச்சேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கேள்வி. பிளாக்பஸ்டர் வாசலைக்கூட நான் மிதிச்சதில்ல. அந்தக் கடையைப் பார்த்ததும் எனக்கு எதுக்கு இவ்வளவு ஏக்கம்? யாரோட ஞாபகம் இது?

படம் ஏன் 1995ல நடக்குதுங்கிறதுக்கு ஒரு எளிமையான பதில் இருக்கு. மார்வெல் கதைவரிசை 2008ல 'அயர்ன் மேன்' படத்தோட தொடங்குது. அதுக்கு முன்னாடி நிக் ஃபியூரி எப்படி இருந்தார்னு சொல்லணும்னா, காலத்துல பின்னாடி போகணும். 70 வயதை நெருங்கிய சாமுவேல் ஜாக்சனோட முகத்தை கம்ப்யூட்டர்ல இளமையாக்கினாங்க. இன்னொன்னு, அந்தக் காலத்துப் பிள்ளைங்க இப்போ சொந்தமா டிக்கெட் வாங்குற வயசுல இருக்காங்க.

இதுல ஒரு வேடிக்கையும் இருக்கு. நிஜமான தொண்ணூறுகள் மார்வெலுக்கு நல்ல காலமா முடியல. 1991ல 'எக்ஸ்-மென்' முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல போச்சு. பின்னாடி விலை ஏறும்னு நம்பி ஒரே ஆள் பல பிரதி வாங்கி அடுக்கின காலம் அது. அந்தக் குமிழி உடைஞ்சது. 1996 டிசம்பர்ல மார்வெல் திவால் மனு கொடுத்தது. தன்னைக் கிட்டத்தட்ட முடிச்சுக்கட்டின பத்தாண்டைத்தான் அந்த நிறுவனம் இப்போ ஆசையா திரும்பிப் பார்க்குது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2018ல, இதே மார்வெல் 'பிளாக் பேந்தர்' எடுத்தது. அதுவும் தொண்ணூறுகளுக்குப் போகுது: 1992, கலிஃபோர்னியா, ஓக்லாந்து. அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கீழே பசங்க கூடைப்பந்து ஆடுறாங்க. கூடை எது தெரியுமா? பால் பாக்கெட் அடுக்குற மாதிரியான பிளாஸ்டிக் கிரேட். மேல ஒரு வீட்டுல, வகாண்டா இளவரசன் ஒருத்தன் துப்பாக்கிகளோட திட்டம் போடுறான். கறுப்பின மக்களோட தெருக்கள்ல போதைமருந்து, போலீஸ் கெடுபிடி, சிறை. இதையெல்லாம் பார்த்துட்டு எப்படி சும்மா இருக்கிறதுங்கிறதுதான் அவனோட கேள்வி.

1992ங்கிற எண்ணுக்கு ஒரு கனம் உண்டு. அந்த வருஷம் ஏப்ரல் 29, ரோட்னி கிங்கை அடிச்ச வழக்குல நாலு போலீஸ்காரங்களை நடுவர் குழு விடுவிச்சது. அவங்க அடிக்கிறதை வீடியோவுல உலகமே பார்த்திருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் பத்திக்கிட்டு எரிஞ்சது. 60 பேருக்கு மேல செத்தாங்க. 1986ல ஓக்லாந்துல பிறந்த இயக்குநர் ரயன் கூக்லருக்கு அப்போ ஆறு வயசு இருக்கும். அவர் அந்த வருஷத்துக்குத் திரும்பிப் போறப்போ, அதுல கேசட் கடை ஏக்கம் இல்ல.

இப்போ 'கேப்டன் மார்வெல்'க்கு வாங்க. அவங்க விழுறது அதே லாஸ் ஏஞ்சலஸ்ல, கலவரம் நடந்து வெறும் மூணு வருஷம் கழிச்சு. அந்த வருஷம் அந்த ஊரே ஓ.ஜே. சிம்ப்சன் வழக்கைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தது. அதுக்கு முந்தைய நவம்பர்லதான், ஆவணமில்லாத குடியேறிகளுக்குப் பள்ளியும் மருத்துவமும் தரக்கூடாதுன்னு கலிஃபோர்னியா மக்கள் வாக்களிச்சாங்க. அப்புறம் நீதிமன்றம் அதைத் தடுத்தது. படத்துல நாம பார்த்துச் சிரிச்சது பேஜரை.

ஆனா படத்தை அப்படியே தள்ளிவிடவும் எனக்கு மனசு வரல. அந்தக் கேசட் கடையில ஒரு அட்டை கட்-அவுட் நிக்கும், ஞாபகமிருக்கா? 1994ல வந்த 'ட்ரூ லைஸ்' படத்துக்கானது. அர்னால்ட் அரபுத் தீவிரவாதிகளைச் சுட்டுத் தள்ளுற படம். அரபு அமெரிக்க அமைப்புகள் அப்பவே எதிர்ப்புத் தெரிவிச்சாங்க. கேப்டன் மார்வெல் எடுத்த எடுப்புல அந்தக் கட்-அவுட்டைத்தான் சுடுறாங்க. கதையோட திருப்பம் என்ன? தீவிரவாதிகள்னு வேட்டையாடப்பட்ட ஸ்க்ரல்கள், உண்மையில வீடு தேடி அலையுற அகதிகள். இயக்குநர்கள் வேணும்னே வெச்சாங்களான்னு வாதாட நான் வரல. திரையில ரெண்டும் இருக்கு.

இன்னொன்னும் இருக்கு. கதாநாயகி கேரல் அமெரிக்க விமானப்படை விமானி. 1989ல பெண்களைப் போர் விமானத்துல சண்டைக்கு அனுப்பமாட்டாங்க. அதனாலதான் அவங்க சோதனை விமானம் ஓட்டுறாங்க. அந்தத் தடை 1993 ஏப்ரல்ல நீங்கினது. அந்த வருஷமே ஜீனி ஃப்ளின் அமெரிக்க விமானப்படையோட முதல் பெண் போர் விமானியா பயிற்சிக்குப் போனார். இந்தப் படத்துக்காக பிரீ லார்சன் அவரைச் சந்திச்சுப் பேசியிருக்காங்க. படத்துல எனக்கு நிஜமாப் பட்ட தொண்ணூறு இதுதான். ஆனா வெளியே வந்த பிறகு என் வட்டத்துல யாரும் இதைப் பேசல. எல்லாரும் பிளாக்பஸ்டரையே பேசினோம்.

பிளாக்பஸ்டர் 2010ல திவாலாச்சு. 'கேப்டன் மார்வெல்' ஓடிக்கிட்டிருந்த அதே மாசம் ஆஸ்திரேலியாவோட கடைசிக் கிளையும் மூடினது. உலகத்துல மிச்சம் ஒண்ணே ஒண்ணு, ஓரிகன் மாநிலத்துல பெண்டுங்கிற ஊர்ல. மக்கள் அதைப் படம் பிடிக்கவே பயணம் போறாங்க. மூடின கடையை நேசிக்கிறது சுலபம். அது நம்மகிட்ட எந்தப் பதிலும் கேட்காது. 1992 கேட்கும்.

என்னோட கேள்விக்கு இதுதான் பதில்னு நினைக்கிறேன். அந்த ஏக்கம் என்னோடது இல்ல. பொருளை மட்டும் காட்டி, அந்தக் காலத்து மனுஷங்களைக் காட்டாம விட்ட படங்கள் எனக்குக் கொடுத்தது.

நீங்க ஒண்ணு செய்யுங்க. தொண்ணூறுகள்ல உங்க வயசுல இருந்த ஒருத்தர்கிட்ட, அம்மாவோ சித்தப்பாவோ, "அப்போ என்னவெல்லாம் வெச்சிருந்தீங்க?"ன்னு கேட்காதீங்க. "அப்போ எதுக்குப் பயந்தீங்க?"ன்னு கேளுங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.