அயனி நீர்மங்களின் பாகுநிலைக் கட்டுப்பாடு

அயனி நீர்மம் என்பது 100 °செ வெப்பநிலைக்குக் கீழ் நீர்மமாக உள்ள உப்பு ஆகும். இது எளிதில் ஆவியாகாது. எனவே புகைவளியிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரிப்பதற்கு ஏற்றதாகக் கருதப்படுகிறது. திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவன ஆலையில் செய்யப்படுவன போன்ற அனல்மின் நிலையக் கொதிகலன்களில் நிலக்கரி எரியும்போது இவ்வளிமம் பெருமளவில் வெளியாகிறது. தூத்துக்குடியில் 2016-ஆம் ஆண்டில் இதனைப் பிரிக்க அமைன் வகைக் கரைப்பான் பயன்படுத்தப்பட்டது.

'''குறைபாடு'''

அயனி நீர்மங்கள் பல, நீரைவிடப் பல பத்து மடங்கு பாகுநிலை மிக்கவை. பாகுநிலை மிகுந்தால் வளிமம் மெதுவாகவே ஊடுருவும். நீர்மத்தை இறைக்கும் ஆற்றலும் மிகும். 2002-இல் அறிவிக்கப்பட்ட, அமைன் தொகுதி இணைந்த அயனி நீர்மம் வளிமத்தை வேதிப்பிணைப்பால் ஏற்கிறது. ஆனால் அப்போது அயனிகளிடையே ஐதரசன் பிணைப்புகள் வலைபோல் உருவாவதால் இத்தகைய நீர்மங்கள் கூழாகத் தடிக்கின்றன.

'''கட்டுப்படுத்தும் முறைகள்'''

* வெப்பப்படுத்துதல்: பாகுநிலை குறையும், ஏற்கப்படும் வளிமத்தின் அளவும் குறையும்.
* பல்லின வளைய எதிர்மின் அயனிகள்: இவற்றில் அத்தகைய பிணைப்புக்குரிய ஐதரசன் இல்லை. ஆதலால் வளிமத்தை ஏற்றபின்னும் நீர்மம் பெரிதும் தடிப்பதில்லை.
* நீர் கலத்தல்: மலிவானது. எனினும் மீட்பின்போது நீர் ஆவியாகி வெப்பத்தைச் செலவிடுவதால், ஆவியாகாமை என்னும் பயன் ஓரளவு இழக்கப்படுகிறது.